தொப்பூரில் அடிபடாத முட்டி

டாக்டர் அறைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் என் கணவர் முருகேஷ் லாரியிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

"தொப்பூர் எறக்கத்துல சார், எங்களுக்கு முன்னாடி ஒரு லாரி போவுது. திடீர்னு பிரேக் போட்டுட்டான். நானும் போட்டேன். ரோட்டுல மண்ணு கெடந்துச்சுங்க. வண்டி சறுக்கி, பின்னாடி ஒக்காந்திருந்த இவ கீழ வுழுந்துட்டா. அன்னிலருந்துதான் சார் இந்த முட்டி இப்பிடி."

டாக்டர் எழுதிக்கொள்வார். "இல்ல டாக்டர், அதுக்கு முன்னாடியே..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் முருகேஷ் என் தோளைத் தட்டி, "நீ இரு வாணி, நான் சொல்றேன்" என்பார். டாக்டரும் அவர் பக்கமே திரும்பிக்கொள்வார். முட்டி என்னுடையது, வலி என்னுடையது, பேச்சு மட்டும் அவருடையது.

எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். நோயாளி உட்கார்ந்திருப்பார், கூட வந்தவர் பேசுவார். காய்ச்சல்காரரிடம் நாக்கு கசக்கிறதா என்று கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கும் மச்சான்தான் "கசக்குதுங்க" என்பார். கூட வந்தவர் வாயை மூடிக்கொண்டு நின்றால், அக்கறை இல்லாத ஆள் என்று வராந்தா முழுக்கப் பேச்சாகிவிடும். அந்தக் கணக்கில் முருகேஷைப்போல் அக்கறையுள்ள ஆள் தருமபுரி மாவட்டத்திலேயே கிடையாது.

இத்தனைக்கும் நான் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. பென்னாகரத்துக்கு அருகே ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். பெண்பிள்ளைகளுக்குக் கோ-கோ கற்றுத்தருகிறேன். கோகிலவாணி என்று பெயர் வைத்த என் அப்பா, ஒருமுறை மைதானத்துக்கு வந்து என் குரலைக் கேட்டுவிட்டு, அவசரப்பட்டுவிட்டோம் என்றார். நான் "நில்லு!" என்று கத்தினால் வேலிக்கு அந்தப் பக்கம் போகிற சைக்கிள்காரர்கூடக் காலை ஊன்றிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அப்பேர்ப்பட்ட நான் ஒரு வருடமாக எந்த டாக்டரிடமும் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை.

கோ-கோவில் ஓடுவது பாதிதான். மீதிப் பாதி குந்தி உட்காருவது. கட்டத்தில் குந்தியிருக்கும் பிள்ளை முதுகில் தட்டு விழுந்ததும் எழுந்து பாய வேண்டும். எப்படிக் குந்துவது, பாரத்தை எந்தக் காலில் வைப்பது என்றெல்லாம் வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது. நானே குந்திக் காட்ட வேண்டும். என் பிழைப்பே அந்தக் குந்தலில்தான் இருந்தது. அதைத்தான் என் வலது முட்டி செய்ய மாட்டேன் என்றது.

உள்ளே யாரோ ஈரத்துணியைச் சுருட்டித் திணித்து வைத்தாற்போல இருக்கும். மடக்கினால் பாதியில் நின்றுவிடும். மாடிப்படி ஏறினால் உள்ளே ஏதோ மாட்டிக்கொண்டு, பிறகு விடும். முட்டிச் சிப்பிக்கு மேலே மெத்தென்று வீங்கி, ஒரு வாரம் வடியும், மறுவாரம் ஏறும்.

தலைமை ஆசிரியர் வெங்கடாசலம் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்கிற காரியம் சில நேரம் தாங்க முடியாது. மைதானத்தில், வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போடச் சொன்னார்.

"டீச்சர், நீங்க ஒக்காந்தே விசில் ஊதுங்க. ஜூன் மாசம் வரைக்கும் பாப்போம். சரியாவலேன்னா லைப்ரரிய எடுத்துக்கங்க. கிரவுண்டுக்கு வேற யாரையாச்சும் போட்டுக்கறேன்."

அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பிள்ளைகளில் ஒருத்தி தப்புத் தப்பாகக் குந்தி, குதிகாலைத் தூக்கிக்கொண்டு எழுந்து, முகம் குப்புற விழுவாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "காலக் கீழ வெய்யி, முழுசா வெய்யி" என்று கத்துவேன். அவளுக்குப் புரியாது. நீச்சல் கற்றுத்தருகிறவள் கரையில் நின்று கையை ஆட்டிக் காட்டினால் எப்படியோ அப்படி. நூலகத்தில் புத்தகம் அடுக்கி வைக்க எனக்கு ஆசையில்லை. எனக்கு முட்டி மடங்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

இப்போது அந்தத் தொப்பூர் கதைக்கு வருகிறேன். விழுந்தது உண்மைதான். போன வருடம் வைகாசியில் சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் பைக்கில் போனபோது நடந்தது. நான் புடவை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தேன். வண்டி சறுக்கியதும் பொத்தென்று பின்பக்கமாக உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். இடது முழங்கையில் தோல் உரிந்தது. முட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போய், பந்தியில் இரண்டாம் தடவை பாயசமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்கும் நாலு மாதம் முன்னாடி, பொங்கல் முடிந்து விளையாட்டு விழாவுக்குப் பயிற்சி நடந்தபோதே முட்டி வீங்க ஆரம்பித்துவிட்டது. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் முருகேஷுக்குக் காக்காதான் குற்றவாளி, அந்தக் காக்கா அவரேதான்.

வீட்டில் சொல்லாமல் இருந்தேனா? எத்தனையோ முறை ஆரம்பித்திருக்கிறேன். "ஏங்க, அந்த முட்டி வுழுகறதுக்கு முன்னாடியே..." என்று நான் எடுத்த எடுப்பிலேயே அவர் முகம் சுருங்கிவிடும்.

"வுடு வாணி. எனக்காவ நீ ஒண்ணும் மாத்திப் பேச வேணாம். வண்டி ஓட்டுனது நானு."

சொல்லிவிட்டு வெளியே போய்த் தக்காளி லோடு ஏற்றும் தன் சின்ன வண்டியை, ஏற்கெனவே கழுவிய வண்டியை, மறுபடி கழுவ ஆரம்பித்துவிடுவார். மனுஷன் கோபப்பட்டால் பதிலுக்குக் கத்தலாம். முகம் வாடி எழுந்து போகிறவரை என்ன செய்வது? பக்கெட் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் முட்டிக்கு ஒத்தடம் கொடுப்பேன்.

முதல் டாக்டர் ஊசி போட்டு முட்டியிலிருந்து நீர் எடுத்தார். சும்மா கிடந்த குழாயை ரொம்ப நாள் கழித்துத் திறந்தால் முதலில் வருமே, துருப்பிடித்த தண்ணீர், அதே நிறம். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ரத்தம் கலந்திருக்கு. அடிபட்டதுதான்" என்றார். முருகேஷ் தலையைக் குனிந்துகொண்டார். காலில் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகு வீக்கம் முன்னைவிட அதிகமாக இருந்தது.

பிறகு முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துக் கட்டுகிற ஒருவரிடம் போனோம். அவரிடமும் லாரி. "நரம்பு பெசகிருக்குது" என்று எண்ணெய் போட்டு நீவினார். நான் போட்ட சத்தத்தில் அவர் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பிறகு இன்னொரு டாக்டர். அவரிடமும் லாரி, அவரும் நீர் எடுத்தார், அதே துருத் தண்ணீர். எக்ஸ்ரே எடுத்து எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். எலும்பில் ஒன்றுமில்லை என்றால் எனக்கே ஒன்றுமில்லை என்று அர்த்தமாம். தலைவலிக்குத் தலையணையை மாற்றுகிற மாதிரி, தைலம், பெல்ட், வெந்நீர், ஐஸ்கட்டி என்று ஒரு வருடம் ஓடிப்போயிற்று.

கடைசியாகத் தருமபுரியில் ஓர் எலும்பு டாக்டர், லாரி கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத்தன நாளா சரியாவலேன்னா உள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணித் தெச்சுடலாம்" என்றார். அப்போதும் நான் வாயைத் திறந்தேன். அப்போதும் தோளில் தட்டு விழுந்தது. கோ-கோவில் முதுகில் தட்டினால் எழுந்து ஓட வேண்டும். எங்கள் வீட்டில் தோளில் தட்டினால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

ஸ்கேன் சென்டரில் ஒரு பெண் வரிசையாகக் கேள்வி கேட்டாள். உடம்புக்குள் பிளேட், ஸ்குரூ, பேஸ்மேக்கர் ஏதாவது உண்டா?

"எதுவும் இல்லீங்க" என்றார் முருகேஷ்.

அடைத்த இடத்தில் பயம் உண்டா?

"அவளுக்கா? பயமா?" என்று சிரித்தார்.

கர்ப்பமா?

"இல்லீங்க."

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அவங்களத்தான் சார் கேட்டேன்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

இரும்பு, எஃகு எதுவும் உள்ளே வரக் கூடாது என்றார்கள். அந்த மெஷின் பெரிய காந்தமாம். என் தாலிக்கொடியில் எப்போதும் நாலைந்து ஊக்குகள் தொங்கும். ஓடுகிற பிள்ளைக்குத் துணி கிழிந்தால் அந்த நிமிடமே வேண்டுமே. மஞ்சள் கயிறு ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கொடியைக் கழற்றினேன். மெட்டி, வளையல், தோடு, கழுத்தில் கிடந்த விசில் எல்லாவற்றையும் முருகேஷிடம் கொடுத்தேன். நகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர், விசிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"நானும் கூட வரலாமுங்களா? அவளுக்குச் சரியாச் சொல்லத் தெரியாது."

விசில் ஊதிய நொடியில் நாலு கட்டம் தள்ளிக் குந்தியிருக்கும் பிள்ளை எந்தக் காலை முன்னால் வைத்தாள் என்று சொல்லக்கூடியவள் நான். எனக்குச் சொல்லத் தெரியாதாம்!

அந்தப் பெண் அவர் கையைப் பார்த்தாள். "அது என்ன மோதிரம்?"

"குதிர லாடத்துல செஞ்சதுங்க. சனீஸ்வரனுக்கு."

அந்தக் கறுத்த இரும்பு மோதிரம், தொப்பூரில் விழுந்த அடுத்த சனிக்கிழமை அவர் போட்டுக்கொண்டது. "இரும்பு உள்ள வரக் கூடாது சார், கழட்டுங்க" என்றாள். இழுத்துப் பார்த்தார். விரல் தடித்துப்போயிருந்தது. சோப்புப் போட்டுக் கழற்றுகிறேன் என்று கை கழுவும் இடத்துக்கு ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள்.

படுக்கையில் படுக்கவைத்து, முட்டியைச் சுற்றி ஒரு கூடு போல மாட்டினார்கள். காதில் பஞ்சு. "அசையவே கூடாது" என்றார்கள். தினமும் நான் பிள்ளைகளிடம் சொல்வதுதான். சொல்வது சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டில் போர் போடுகிற மாதிரி டமடமவென்று சத்தம், கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி வேறு தாளத்தில் ஆரம்பிக்கும். மூக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

சத்தம் நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கதவு திறந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். சட்டைப்பையில் சுசித்ரா என்று எழுதியிருந்தது. படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர் அவர்தான். கையில் எலும்பு டாக்டர் கொடுத்த சீட்டு.

"பைக்லருந்து விழுந்ததா எழுதியிருக்காங்க. ஆனா ஜவ்வு எதுவும் கிழியல. எல்லாம் நல்லா இருக்கு. உள்ள வேற என்னமோ இருக்கு. எப்படி ஆரம்பிச்சுது?"

பழக்க தோஷம், நான் பதிலுக்குக் கதவைப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. தோளில் தட்ட யாரும் இல்லை. பேச்சு வந்தது பாருங்கள், மதகைத் திறந்த மாதிரி. பொங்கல், விளையாட்டு விழா, குந்த முடியாமல் போனது, வீங்கி வடிந்தது, பிறகு கல்யாணம், லாரி, உரிந்த முழங்கை, பாயசம், மாவுக்கட்டு, துருத் தண்ணீர். சுசித்ரா ஓர் இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை.

"துரு கலர்லயா? ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமாங்க."

"விழுகறதுக்கு முன்னாடியே வீக்கம். உறுதியா?"

"என் கணவர்தாங்க முட்டிக்குப் போடற நீ-கேப் வாங்கியாந்தாரு. அதப் போட்டுக்கிட்டுத்தான் அந்தக் கல்யாணத்துக்கே போனேன்."

"இன்னொரு வகைப் படம் எடுக்கணும். கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி போர் போட்டார்கள். இந்த முறை மூக்கு அரித்ததுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒருத்தர் முழுதாகக் கேட்டுவிட்டார் என்ற திருப்தியில் அப்படியே கிடந்தேன்.

எடுத்து முடித்ததும் சுசித்ரா தன் கம்ப்யூட்டருக்கு முன்னால் என்னை உட்காரவைத்தார். என் முட்டி பக்கவாட்டில் அறுத்து வைத்த மாதிரித் திரையில் இருந்தது.

"வெள்ளையா தெரியறது மூட்டுக்குள்ள இருக்கற நீர். இதப் பாருங்க."

வெள்ளைக்கு நடுவே கறுப்பாக, முண்டும் முடிச்சுமாக, பாறையில் பாசி படர்ந்தது போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் ஒரு திட்டு. பின்பக்கத்தில் அதைவிடப் பெரிதாக ஒன்று.

"மூட்டுக்கு உள்பக்கம் ஒரு மெல்லிசான சவ்வு உண்டு. அது தேவையில்லாம கட்டியா வளந்திருக்கு. அதுலருந்து அப்பப்ப ரத்தம் கசியும். ரத்தத்துல இருக்கற இரும்பு அங்கேயே படிஞ்சிடும். இந்த மெஷின்ல இரும்பு கறுப்பா காட்டும். நீங்க பாத்த துரு கலரும் அதுதான்."

"கேன்சருங்களா?"

"பாக்க அப்படித் தெரியல. எடுத்து டெஸ்ட் பண்ணி உறுதி செய்வாங்க. இது கெட்ட கட்டி இல்ல. ஆனா விட்டா வளரும், பக்கத்துல இருக்கற எலும்ப அரிக்கும்." ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டினார். எலும்பின் ஓரத்தில் எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி ஒரு பள்ளம். "ஆரம்பிச்சிருக்கு. ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தீங்கன்னா இது இருந்திருக்காது."

"விழுந்ததால வந்ததில்லையே?"

"நிச்சயமா இல்ல."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நோய்க்குப் பெயர் கிடைத்த நிம்மதியா? அதெல்லாம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். ஒரு வருடம்! ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல விட்டிருந்தால் என் எலும்பு முழுதாக இருந்திருக்கும். நொண்டிக்கொண்டே வெளியே போனேன்.

முருகேஷ் வரவேற்பறையில் நின்றுகொண்டிருந்தார். விரல் சிவந்து வீங்கியிருந்தது, மோதிரம் வரவில்லை. கழுத்தில் என் விசில் ஆடியது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"என்ன சொன்னாங்க? ஜவ்வுதான?"

"ஜவ்வு நல்லாருக்குதாம். உள்ள கட்டி. கெட்ட கட்டி இல்லியாம். வுழுந்ததால வந்ததே இல்லியாம்."

"அது எப்பிடி? அவங்களுக்கு என்ன தெரியும்? நீ வெவரமாச் சொல்லிருக்க மாட்ட. இரு, நான் போயி சொல்றேன். எறக்கத்துல, முன்னாடி ஒரு லாரி..."

அவர் கழுத்தில் கிடந்த விசிலைப் பிடித்து இழுத்தேன். கயிறோடு அவர் தலையும் சேர்ந்து வந்தது. விசிலை வாயில் வைத்து, ஆட்டம் முடிந்ததற்கு ஊதுவேனே, அந்த நீட்டு ஊதலை ஊதினேன். வரவேற்பறையே உறைந்து நின்றது. ஒரு பெரியவர் கையிலிருந்த எக்ஸ்ரே உறையைக் கீழே போட்டுவிட்டார். முருகேஷ் மூக்கு என் மூக்குக்கு அரையடியில் இருந்தது. அவர் வாய் திறந்தபடி நின்றிருந்தது.

"நீ-கேப் யாரு வாங்கியாந்தா?" என்றேன்.

"என்னது?"

"முட்டிக்குப் போடற நீ-கேப். யாரு வாங்கியாந்தா?"

"நாந்தான். பென்னாகரத்துல."

"எப்ப?"

"அது... மாசி மாசம். ஒகேனக்கல்லுக்கு ஆள ஏத்திக்கிட்டுப் போயி வுட்டுட்டு வாரப்ப."

"நாம வுழுந்தது எப்ப?"

வைகாசி என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் கெடுக்கலியா?" என்றார்.

"இல்ல."

அவ்வளவுதான், கழுத்தில் விசிலோடு, எல்லோரும் பார்க்க, சத்தம் போட்டு அழுதார். ஒரு வருடமாக இந்த மனுஷன் எதைச் சுமந்துகொண்டு திரிந்தார் என்று அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. டாக்டர்களிடம் அவர் சொன்னது என் நோயை அல்ல. போகிற இடமெல்லாம் தன் குற்றத்தைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். கேட்ட டாக்டர்கள் எல்லாரும் அதற்கு மாவுக்கட்டு போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேற என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். என் பதிலுக்காக அவர் காத்திருந்ததே எனக்குப் புதிதாக இருந்தது.

அந்த ஒரு வருடத்தைச் சொல்லாமல் விழுங்கிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. இப்போதுதான் ஒரு மூட்டையை இறக்கி வைத்திருக்கிறார், அதற்குள் இன்னொன்றை ஏற்ற வேண்டுமா? ஆனால் இது பொய் மூட்டை இல்லை. தவிர, பேசாமல் இருந்து இருந்து எனக்கு அலுத்துவிட்டது.

"கட்டி எலும்ப அரிச்சிருக்குது. ஒரு வருசம் முன்ன வந்திருந்தா அரிச்சிருக்காதாம். நான் ஒவ்வொரு டாக்டருகிட்டயும் சொல்ல வந்தேன். நீங்க சொல்ல வுடல."

"ஆமா" என்றார். கொஞ்சம் கழித்து, "இனிமே டாக்டரு ரூம்புல நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றார். விசிலைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டார்.

மூட்டு ஆபரேஷன் செய்கிற டாக்டர் கோவிந்தன் சேலத்தில் இருந்தார். பஸ்ஸில் போனோம். தொப்பூர் இறக்கம் வரும்போதெல்லாம் முருகேஷ் கண்ணை மூடி அந்த லாட மோதிரத்தைத் தடவிக்கொள்வார். அன்றைக்கு மோதிரம் விரலில்தான் இருந்தது, ஆனால் கண்ணை மூடவில்லை. லாரிகள் வரிசையாக முக்கி முக்கி இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் கோவிந்தன் எங்களிடம் எதுவும் கேட்கும் முன்பே படங்களை விளக்கில் வைத்து நிதானமாகப் பார்த்தார். முருகேஷ் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தார். தும்மல் வந்தபோதுகூட அடக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"முன்பக்கம் இருக்கறது பிரச்சினையில்ல. ரெண்டு சின்ன ஓட்ட போட்டு, கேமரா விட்டு எடுத்துடலாம். பின்பக்கம் அப்படியில்ல. ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் அந்தப் பக்கம்தான் போகுது. திறந்துதான் எடுக்கணும். வலி ஜாஸ்தி. அதுக்கப்புறம் முட்டிய மடக்கப் பழகறதுக்கே மாசக்கணக்குல பாடுபடணும். அத விட்டு வெச்சோம்னா நடக்கலாம், வேலைக்குப் போலாம், அப்பப்ப எம்.ஆர்.ஐ. எடுத்து வளருதான்னு பாத்துக்கலாம். ஆனா முட்டி முழுசா மடங்காது. எடுத்தாலும் மடங்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. மடங்க வாய்ப்பு உண்டு. திரும்ப வளரவும் வாய்ப்பு உண்டு." படத்தைக் கீழே வைத்தார். "அதனாலதான் கேக்கறேன். இந்தக் கால வெச்சு நீங்க என்ன செய்யணும்?"

இத்தனை டாக்டர்களில் இதை யாரும் கேட்டதில்லை. வீட்டில்கூடக் கேட்டதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது.

"நடந்தா போதுங்க சார்" என்றார் முருகேஷ்.

கும்பிட்டபடி சொன்னார். குலதெய்வத்திடம் வேண்டிக்கொள்கிற குரல் அது. எனக்கு வலிக்கக் கூடாது என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அந்த அன்பில்தான் வேப்பமரத்தடி நாற்காலியில் ஆயுசுக்கும் என்னை உட்காரவைக்கப் பார்த்தார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"போதாது!"

மைதானத்துக் குரல். வெளியே இருந்த நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். முருகேஷின் கை என் தோள் வரைக்கும் வந்து, தொடாமல், தன் மடிக்கே திரும்பிப் போயிற்று.

"நான் பி.டி. டீச்சருங்க சார். எனக்குக் குந்தணும். பிள்ளைங்களுக்கு முன்னாடி குந்திக் காட்டணும். பின்பக்கமும் எடுத்துடுங்க. வலிய நான் பாத்துக்கறேன்."

டாக்டர் கோவிந்தன் முருகேஷைப் பார்க்கவில்லை. தன் நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"சரி. இது எப்ப ஆரம்பிச்சுது? மொதல்லருந்து நீங்களே சொல்லுங்க."

நான் பொங்கலிலிருந்து ஆரம்பித்தேன்.